முள் ஆடவில்லை

உச்சிப் பொழுது. நாகலாபுரம் தாண்டி புதூருக்குப் போகிற பாதை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, விதைப்பில்லாமல் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். உடைமரத்து நிழல் மரத்துக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரம். காக்கா குருவி இல்லை. சைக்கிளில் ஒரே ஒரு ஆள் வருகிறார். கேரியரில் ஒரு மரப்பெட்டி, நாலு இரும்பு முளை, ஒரு சுருள் வயர்.

எதிரே ஒரு பொம்பளை ஓடி வருகிறாள். காலில் செருப்பு இல்லை.

நெருங்கி உட்காருங்கள். கம்ப்ரசருக்குச் சாமான் வருகிற வரைக்கும் நமக்கு இங்கே போர்க் கிணறு போடுகிற வேலை இல்லை. சீனி, அந்த லாந்தரைக் கொஞ்சம் தணித்து வை. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. நான் பார்த்ததில்லை. என் சேக்காளி ராஜமணியின் தாய்மாமாவுக்கு நடந்தது. மழை பொய்த்த எண்பத்திமூன்றில்.

சைக்கிளில் வந்தவர்தான் அந்தத் தாய்மாமா. பூவனலிங்கம். கோவில்பட்டிக்காரர். ஒரு சர்வே கம்பெனியில் ஹெல்பராக இருந்து, கம்பெனி மூடியதும் அவர்களுடைய பழைய மீட்டர்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகத் தண்ணீர் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையாக நாலு முளையைத் தரையில் அடிப்பார். வெளியில் இருக்கிற இரண்டு முளை வழியாகக் கரண்டை உள்ளே விடுவார். நடுவில் இருக்கிற இரண்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டியில் கண்ணாடிக்குக் கீழே ஒரு முள். ஈரம் என்றால் ஒரு பக்கம் சாயும், காய்ந்த பாறை என்றால் மறுபக்கம். முளைகளை அகட்டி அடித்தால் ஆழத்தில் இருப்பது தெரியும். நெருக்கி அடித்தால் மேலாக இருப்பது தெரியும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அகட்டினால் ஆழம். நெருக்கினால் மேல்.

ஓடி வந்தவள் சுடலையம்மாள். பூவனலிங்கத்துக்கு அவளைத் தெரியும். புதூருக்குக் கிழக்கே ஒரு ஊர்... பேர் வேண்டாம், அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊரில் வன்னியபெருமாள் என்று ஒரு சம்சாரி. நிலபுலன் உள்ள பெரிய கை. அவருடைய கிணற்றை ஆழப்படுத்தப் போன மாதம்தான் பூவனலிங்கம் மீட்டர் வைத்து, கிழக்குச் சுவரில் வெடிக்குழி போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கிணறு வெட்டுகிற ஆட்களில் ஒருவன் கருத்தப்பாண்டி. சுடலையம்மாளின் புருசன்.

அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. கிணற்றுக்குள் பாறையில் முளையைப் பொருத்திப் பூவனலிங்கம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கருத்தப்பாண்டி சம்மட்டியால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். முள் துள்ளியது. இன்னொரு தட்டு. இன்னொரு துள்ளல். வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"கல்லுக்கு நோவுது போல அண்ணாச்சி" என்று சிரித்தான்.

பூவனலிங்கம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். கல்லுக்குள் மயிரிழை மயிரிழையாகக் கீறல் இருக்கும். அடித்தாலும் நசுக்கினாலும் அந்தக் கீறல் மூடும், திறக்கும். கரண்டு போகிற போக்கு மாறும். சுமை ஏற ஏற முள் இறங்கும். உடையப் போகிற கல்லில் முள் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. வெள்ளைக் கல்லாக இருந்தால் நசுக்குகிறபோது அதுவே கரண்டைப் பிறப்பிக்கும். நீங்களும் சின்னப்பிள்ளையில் செய்திருப்பீர்கள். இரண்டு வெங்கச்சங்கல்லை இருட்டில் வைத்து உரசினால் உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் ஓடும். முகர்ந்தால் கருகல் வாசம்.

அதெல்லாம் போன மாதம். இப்போது அந்தச் சுடலையம்மாள் உச்சி வெயிலில் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணாச்சி, அவிய கல்லுக்கு அடியில கெடக்காவ. காலைல வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இப்பம் கேக்கல. செத்துட்டாவன்னு சொல்லி வெடி வைக்கப் போறாவ. ஒங்க பெட்டிய வச்சா, உள்ள உசுரு இருக்கது தெரியும்லா?"

"தெரியும்."

"நெசமாவா?"

"தட்டுனாம்னா முள்ளு சொல்லிரும் தாயி."

வயர்ச் சுருளை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். சைக்கிளுக்கு முன்னால் ஓடினாள்.

கிணறு கண்ணில் படுவதற்கு முன்னால் வாசம் வந்துவிட்டது. வெடிமருந்து வாசம். அதற்குள்ளே இன்னொரு வாசம்... வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அது.

முந்தின நாள் வெடி போட்டிருக்கிறார்கள். புகை அடங்கியதும் முதலில் இறங்கிப் பார்த்தவன் கருத்தப்பாண்டி. அவன் சுவரோரம் நிற்கும்போது கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு பலகைப் பாறை வழுக்கி இறங்கி, சாய்ந்தபடி நின்றுவிட்டது. பருத்திப் பொதி ஏற்றிய வண்டியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு. பின்னால் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் அவன். நசுங்கவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் பிடித்துக்கொண்டது என்று உள்ளேயிருந்து அவனே சொன்னான். தண்ணீர் கேட்டான். விரல் நுழைகிற சந்து வழியாகத் துணியை நனைத்து விட்டார்கள். அதை அவன் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றான். அப்புறம் பேச்சு குறைந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் நின்றே போனது.

அவன் சத்தம் நின்ற பிறகு கல்லின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிக்... டிக்... காய்ந்த நிலக்கடலையை மிதிக்கிற மாதிரி. பாறையின் குறுக்கே ஒரு வெள்ளை இழை ஓடியது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

வெட்டு ஆட்களின் மேஸ்திரி பிச்சையா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். பூவனலிங்கத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"உசுரு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மேலேர்ந்து பின்பக்கமா தோண்டி எடுத்துருவோம். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. தெரியாம நான் திரி பொருத்த மாட்டேன்."

பக்கத்தில் வன்னியபெருமாள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். குரல் உயர்த்தாத ஆள். பின்பக்கமாகத் தோண்டினால் அந்தச் சுவர் மொத்தமும் உள்ளே இறங்கும், கிணறு மூடிப்போகும். அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். அந்தப் பாறைக்கு அடியில் ஈரம் கண்டிருந்தது. அந்த வருசத்தில், அந்தச் சுற்று வட்டாரத்தில், எந்தக் கிணற்றிலும் கண்டிராத ஈரம். மேலே மிளகாய் நாற்று வாடிக்கொண்டிருந்தது.

"வாரும் வே, நானும் எறங்குதேன்" என்றார் வன்னியபெருமாள். "மத்தவன் எவனும் வேண்டாம். கல்லு எந்த நேரம் சரியும்னு யாரு கண்டா."

இரண்டு பேரும் வடத்தைப் பிடித்து இறங்கினார்கள். கீழே காற்று இல்லை. டிக்... டிக்... பூவனலிங்கம் பாறைச் சந்தில் களிமண்ணை அப்பி, உப்புத் தண்ணீர் விட்டு, நாலு முளையையும் வரிசையாகச் சொருகினார். வயரை மாட்டினார். பெட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினார்.

முள் மெதுவாக இறங்கியது. நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. சுமை தாங்காமல் கல் முறுகுகிறது.

அப்புறம் முள் துள்ளியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். தட்டுகிற சத்தம் காதுக்குக் கேட்கவில்லை. முள் மறுபடி... ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது.

சுத்தியலை எடுத்துப் பாறையில் இரண்டு தட்டுத் தட்டினார். காத்திருந்தார். முள் இரண்டு தரம் துள்ளியது.

அவன் உயிரோடு இருக்கிறான். பேசத் தெம்பு இல்லை. ஆனால் தட்டினால் மீட்டர்ப் பெட்டிக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். பெட்டி வரும் என்று நம்பித் தட்டிக்கொண்டிருக்கிறான்.

பூவனலிங்கம் தலையைத் தூக்கினார். வன்னியபெருமாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, இங்கன பாருங்க..."

"நான் பாக்க மாட்டேன் வே. எனக்கு முள்ளு பாக்கத் தெரியாது. நீரு சொல்லுததுதான்." திரும்பாமலே பேசினார். "கல்லு நிக்குமா, சரியுமா? அத மட்டும் சொல்லும்."

"சரியும் போலத்தான் தெரியுது."

"உசுரு இருக்குன்னு நீரு சொன்னா பிச்சையாவும் மத்தவனுவளும் இதுக்கு அடியிலயும் மேலயும் கெடந்து தோண்டுவானுவ. சரிஞ்சா அம்புட்டுப் பேரும் போவான். கெழக்குச் சொவத்துல குழி போடச் சொன்னதும் நீருதான். அத்தனை பொம்பளையும் ஒம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாளுவ. யோசிச்சுச் சொல்லும்."

மேலேயிருந்து சுடலையம்மாள் குனிந்து கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, முள்ளு ஆடுதா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"அண்ணாச்சி..."

ஒன்று. இரண்டு. மூன்று.

பூவனலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டர்க் கண்ணாடி மேல் போட்டார்.

"ஆடலம்மா."

"நல்லாப் பாத்தீயளா?"

"பாத்துட்டேன். ஆடல."

மேலே அவள் தலை மறைந்தது. முளைகளைப் பிடுங்குவதற்காகத் துண்டை எடுத்தபோது பூவனலிங்கம் இன்னொரு தரம் முள்ளைப் பார்த்தார். வேகமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. தான் தட்டியது வெளியே தெரிந்துவிட்டது என்று உள்ளே இருக்கிறவன் சந்தோசப்படுகிற மாதிரி. வயரைக் கழற்றினார். முள் விழுந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மருந்து வைக்க வேண்டும் என்றால் குழி போட வேண்டுமில்லையா? பிச்சையாவும் இன்னும் இரண்டு பேரும் அதே பாறைக்கு அடியில் உட்கார்ந்து, பொழுது சாய்கிற வரைக்கும் உளியும் சம்மட்டியுமாகக் குழி போட்டார்கள். பாறை சரியவில்லை. ஒரு பொடிக்கல்கூட உதிரவில்லை. அந்த நேரத்துக்குள் அவனை எடுத்திருக்கலாம். பூவனலிங்கம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மசமசவென்று இருட்டிக்கொண்டு வந்தபோது திரியைப் பொருத்திவிட்டு எல்லோரும் ஓடி ஒதுங்கினார்கள். திரி எரிந்து மருந்தைத் தொடுவதற்கு முன்னால் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. நீலமாக, மெல்லிசாக. அந்த வெள்ளை இழைதான் எரிந்திருக்க வேண்டும். அந்த வெல்டிங் வாசம் எல்லோருடைய மூக்கிலும் ஏறியது. பிறகு வெடித்தது.

தண்ணீர் வந்தது. முதலில் கறுப்பாக. பிறகு கலங்கலாக. விடியும்போது முழங்கால் அளவுக்குத் தெளிந்து நின்றது.

கல்லை எல்லாம் வாரிக் கரையேற்றினார்கள். கருத்தப்பாண்டி இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, ரத்தம் இல்லை. பாறைக்குப் பின்னால் அந்தப் பொந்து இருந்தது. ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. உள்சுவரில் ஒரே இடத்தில் அடித்து அடித்துக் கல் குழிந்திருந்தது. அவ்வளவுதான்.

"ஆளுதான் இல்லையே" என்றார் வன்னியபெருமாள். "அப்புறம் எவன் செத்தான்? நேத்தே ஏறிப் போயிருப்பான். பொழைக்கப் போற ஊரா இல்ல?"

பாறைக்குள்ளிருந்து அவன் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சுடலையம்மாளுக்குத் தூக்கிப் போட ஒரு பிணம்கூடக் கிடைக்கவில்லை. தாலியை வைத்துக்கொள்வதா அறுப்பதா என்று சொல்லவும் ஆள் இல்லை.

பூவனலிங்கம் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஒரு ஆள் கூப்பிட்டார் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பொட்டல் காடு. முளைகளை நெருக்கமாக அடித்துப் பார்த்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகட்டிக்கொண்டே போனார். வயர் மொத்தமும் தீர்ந்து, முளைகள் காட்டின் இரண்டு கோடிக்கும் போனபோது...

முள் துள்ளியது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

வயரில் பிடிமானம் சரியில்லை என்று நினைத்துக் கழற்றி மாட்டினார். பேட்டரியை மாற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. சம்சாரியிடம் இங்கே தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது விளாத்திகுளம் பக்கம். அங்கே வயர் முழுதும் விட வேண்டியிருக்கவில்லை. முக்கால் வயரிலேயே துள்ளியது. அதற்கடுத்த ஊரில் பாதி வயர். அதற்கடுத்து, முளைகளுக்கு நடுவே ஒரு வேட்டி நீளம்தான் இருந்தது. ஊர் எதுவானாலும் சரி, மண் எதுவானாலும் சரி. ஒவ்வொரு தரமும் முளைகளை அதற்கு முன்னால் அடித்ததைவிட நெருக்கமாக அடிக்கும்போதே துள்ளியது.

அகட்டினால் ஆழம். நெருக்கினால் மேல்.

பூவனலிங்கம் அன்றைக்கு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் ஏறி வந்துகொண்டிருக்கிறான்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைப் பரணில் போட்டார். வேலைக்குப் போகவில்லை. அவருடைய வீடு ஒரு காம்பவுண்டுக்குள் இருந்தது, தரை முழுக்கக் கல் பாவியது. ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது குதிகாலில் உணர்ந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. தட்டை வைத்துவிட்டுக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலைத் தரையில் வைப்பதற்கே யோசித்தார். அவருடைய வீட்டம்மா செண்பகவல்லி, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், என்ன ஏது என்று கேட்டாள். குடல் சரியில்லை என்றார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கிச் சைக்கிளில் கட்டினார். நேராகச் சுடலையம்மாளிடம் போனார். அவள் ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி கிடந்தது.

"தாயி, அன்னைக்கு முள்ளு ஆடுச்சு" என்றார்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஆடுச்சா?"

"ஆடுச்சு."

"எம்புட்டு நேரம்?"

"நான் வயரைக் கழத்துற வரைக்கும்."

அவள் அழவில்லை. மண்ணள்ளித் தூற்றவும் இல்லை. அவர் மிச்சத்தையும் சொன்னார். எப்போதும்வென்றான், விளாத்திகுளம், வீட்டுத் தரை. எல்லாம். கேட்டு முடித்தாள்.

"இங்கன அடிங்க" என்றாள், தன் குடிசை வாசலைக் காட்டி.

நெருக்கி அடித்தார். அகட்டி அடித்தார். வயர் தீர்கிற வரைக்கும் விட்டுப் பார்த்தார். முள் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்று அதுவரைக்கும் சொல்லாதவள், மண்ணில் வாயை வைத்துச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முள் அசையவில்லை.

எழுந்து முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வரல."

"மொதலாளிகிட்டயில்லா அவன் போவணும்" என்றார் பூவனலிங்கம். "சொல்ல வச்சது அவருல்லா. எங்கிட்ட எதுக்கு வாரான்?"

"அவரு பாத்தாரா?"

"இல்ல. சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு."

"நீங்கதான பாத்தீய" என்றாள் சுடலையம்மாள்.

உள்ளே போய் ஒரு சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் ஒங்க வீட்டுக்கு வாரேன். அவிய வார எடத்துலதான நான் இருக்கணும்."

சீனி என்னவோ கேட்கிறான்... வன்னியபெருமாளா? அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிணறு வற்றவே இல்லை. அந்த வருசம் மிளகாய் அப்படிக் காய்த்தது. ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நல்ல தூக்கம் வருகிறது என்று சொல்லுவாராம்.

சுடலையம்மாள் கோவில்பட்டியில் பூவனலிங்கம் வீட்டு நடைவாசலில் உட்கார்ந்தாள். போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யாரென்று செண்பகவல்லி கேட்டதற்கு, "ஒரு ஆளுக்காக இருக்கா" என்று மட்டும் சொன்னார். அவளும் இடைஞ்சல் இல்லாமல் இருந்தாள். கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். சும்மா இருக்காமல் தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அவ்வப்போது உள்ளங்கையைத் தரைக்கல்லில் வைத்துப் பார்ப்பாள். பூவனலிங்கம் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் எவ்வளவு கிட்டே வந்துவிட்டான் என்று அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துபோகும்.

"இன்னும் வலிக்குதான்னு கேளு தாயி" என்று ஒரு தரம் கெஞ்சினார்.

"எங்கிட்டதான் பேச மாட்டேங்காவளே" என்றாள். "நீங்க எறங்கிக் கேளுங்க."

அவர் இறங்கவில்லை.

சித்திரை வெயில். ஒரு மத்தியானம் கட்டிலின் கால்கள் நடுங்கின. செண்பகவல்லியும் பார்த்தாள். பசைக் கிண்ணத்தில் பசை வட்டம் வட்டமாக அலையடித்தது. டிக்... டிக்... என்று தரைக்கல்லுக்குள் கடலைத்தோடு உடைகிற சத்தம். என்ன வாசம் இது, பக்கத்து வீட்டில் வயர் கருகுகிறதா என்று அவள் எழுந்தாள்.

"மதினி" என்றாள் சுடலையம்மாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அப்படிக் கூப்பிட்டாள். "கொழாய்ல தண்ணி வந்துட்டு. நீங்க போயி ஒரு கொடம் புடிச்சுட்டு வாங்க."

செண்பகவல்லி புருசனைப் பார்த்தாள். போகாதே என்று அவர் தலையை ஆட்டின மாதிரித்தான் இருந்ததாம். வெயிலில் கிறங்கிக் கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று ராஜமணி சொன்னான்.

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பூவனலிங்கம் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கை இரண்டும் நெஞ்சுக்கு மேலே, எதையோ தாங்கிப் பிடிக்கிற மாதிரி மடங்கி நின்றன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சுடலையம்மாள் சுவரோரம் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்து இருதயம் நின்றுவிட்டது என்றார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கவில்லை, நாடியோடு முடித்துக்கொண்டார். ராஜமணியும் இன்னும் மூன்று பேரும் குளிப்பாட்டுவதற்காகத் தூக்கினார்கள். ராஜமணி தோளைப் பிடித்திருந்தான். முதுகில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருக்களித்துத் திருப்பினார்கள்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சாக்கில் ஜல்லியைப் போட்டுப் புரட்டினால் கேட்குமே... அது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக மறுபக்கம் திருப்பினார்கள். நெஞ்சுக்குள் நொறுங்கிக் கிடந்தது அத்தனையும் சரிந்து இந்தப் பக்கம் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சுடலையம்மாள் எழுந்தாள். ஒட்டிய பெட்டிகளை ஒதுக்கி வைத்தாள். சேலையை உதறிச் சரி பண்ணிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

"போதும்" என்றாள். "வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

நடைவாசலில் ஒதுங்கி நின்று, யாருக்கோ வழி விட்டாள். பிறகு தானும் இறங்கித் தெருவில் நடந்தாள். ஒரு ஆள் இடைவெளி விட்டு, புருசனுக்குப் பின்னால் பொம்பளைகள் நடக்கிற மாதிரி. செண்பகவல்லி அழுகையை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. சுடலையம்மாளின் பாதம் அதில் லேசாகப் பதிந்துகொண்டே போனது. அவளுக்கு முன்னால் ரோட்டில் யாரும் இல்லை. ஆனால் தார் அமுங்கியது. ஒவ்வொரு அடியாக, ஜல்லி தெரிகிற ஆழத்துக்கு.